தந்தையார் விட்டுச் சென்ற மணிக்கூடு

காணிக்கு உறுதி உண்டு; நகைக்கு நிறை உண்டு. தந்தையார் விட்டுச் சென்ற கைமணிக்கூட்டுக்கு யாது சான்று? பெட்டகத்தின் மூலையில் ஓட்டமின்றிக் கிடக்கும் அதனைச் சிலர் குப்பையென ஒதுக்குவர். சிலர் பொன்னுறையை மட்டும் உருக்கக் கொடுத்து, உள்ளிருக்கும் இயந்திரத்தை வீசிவிடுவர். இரண்டும் பேதைமையே. மணிக்கூடு தன் உறுதியைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்கின்றது. அதனை வாசிக்கக் கற்றல் வேண்டும்.

முகப்பிலுள்ள பெயர் முதற் சான்று. முடிந்த சான்று அன்று. பெயரை எவரும் புதிதாக எழுதிவிடலாம். ஆகவே, தேர்ந்த மணிக்கூட்டுத் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறப்பித்து, உறையின் உட்புறத்திலும் இயந்திரத்திலும் பொறித்துள்ள இலக்கங்களைக் குறித்துக்கொள்க. லோஞ்ஜீன், பட்டெக் பிலிப் முதலிய சுவிஸ் நிறுவனங்கள் தம் பழைய பேரேடுகளைப் பேணி வருகின்றன. இலக்கத்தைக் கொண்டு மணிக்கூடு பிறந்த ஆண்டை அவை கூறக்கூடும். 750 என்னும் முத்திரை 18 கரட் பொன்னையும், 375 என்பது 9 கரட் பொன்னையும் குறிக்கும். அம்புக்குறியோடு ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து மும்முறை காணப்படின், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் பிரித்தானியப் படைக்கென 12 நிறுவனங்கள் செய்தளித்தவற்றுள் அது ஒன்றாகலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 1960களுக்கு முன்னர் இருளில் ஒளிர்ந்த முட்களிலும் எண்களிலும் பெரும்பாலும் ரேடியம் பூசப்பட்டிருந்தது. ஒளி மங்கியதனால் நஞ்சும் நீங்கிற்று என எண்ணற்க. மங்கியது உடன் கலந்த ஒளிர்பொருளே. ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும். வீட்டில் அதனைத் திறத்தலும் சுரண்டுதலும் தகா.

இனிப் பெறுமதி. விலையைக் குறைப்பதில் காலத்தினும் கொடியது மிகையான அக்கறை. மெருகிட்டால் உறையின் விளிம்புகள் தேயும். முகப்பைப் புதுக்கினால் அதன் இயல்பு அழியும். 2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில், அமெரிக்க நடிகர் போல் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் மணிக்கூடு 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவருக்கு மனைவி ஜோன் வூட்வார்ட், கவனமாக ஓட்டும்படி அதன் பின்புறத்தில் பொறிப்பித்திருந்தார். மெருகிடுவோன் ஒருவன் அச்சொற்களைத் தேய்த்திருப்பின் எஞ்சுவது யாது?

எனினும், எல்லா மணிக்கூடும் செல்வம் தருவதில்லை. பெரும்பாலானவை ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டவை. எளிய விலையே பெறும். வாங்க வந்தவனையே மதிப்பிடச் சொல்லாதீர்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஒத்த வகையும் ஒத்த நிலையும் உடையவை ஏலத்தில் விற்ற விலைகளை நோக்குவதே நேர்வழி.

பற்றுச்சீட்டு, பெட்டி, அணிந்தவரின் நிழற்படம் ஆகியவற்றையும் உடன் காத்தல் நன்று. யார் வாங்கினார், எதன் பொருட்டு வாங்கினார் என்பதை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நின்றுபோன இயந்திரத்தைத் தொழிலாளர் ஓடச் செய்வார். எழுதாது போன வரலாற்றை மீட்டுத் தருவார் எவருமிலர்.