ஊசியும் பூச்சாண்டியும்

குழந்தை சோறு உண்ண மறுத்தால் முற்காலத்தில் பூச்சாண்டியைக் கூப்பிட்டோம். இப்போது டாக்டரைக் கூப்பிடுகிறோம். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டல் கேளாத வீடு அரிது. பூச்சாண்டி ஒரு நாளும் நேரில் வருவதில்லை. ஆகையால் அவனால் பெருந்தீங்கு இல்லை. டாக்டரிடமோ குழந்தை என்றேனும் போய்த்தான் ஆக வேண்டும். நோய் என்பதே தான் செய்த குறும்புக்குக் கிடைத்த தண்டனை என்று நாலைந்து வயதில் தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்துக்கு நாமே உரமிடலாமா?

ஆஸ்பத்திரியில் சிறு குழந்தையை மிகவும் வருத்துவது தாயின் பிரிவு. மேல்நாட்டார் இதை வெகுகாலம் உணரவில்லை. இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகள் பெற்றோரை வாரத்தில் சில மணி நேரமே உள்ளே விட்டன. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் ஒரு சலனப் படம் எடுத்துக் காட்டினார். சிறிய ஆபரேஷனுக்காகத் தாயைப் பிரிந்து 8 நாள் தங்கிய 2 வயதுச் சிறுமியின் படம் அது. அவளுடைய அமைதிக்குள் எவ்வளவு துயரம் அடங்கியிருந்தது என்பதை அது புலப்படுத்தியது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தையுடன் தாயும் தங்க இடம் தர வேண்டும் என்று 1959-ல் பிளாட் குழு அந்நாட்டு அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தது.

நம் நாட்டிலோ, கட்டிலருகே அம்மாவோ பாட்டியோ பாய் விரித்து உட்கார்ந்திருப்பது தொன்று தொட்ட வழக்கம். இதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அவ்வழக்கம் நிலைத்திருக்கிறதா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தைப் பாருங்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஆலைச் சங்கு வாழ்க்கையை நடத்துகிறது. தந்தைக்கு இரவு ஷிப்டு, தாய்க்குப் பகல் ஷிப்டு, பாட்டி தொலைதூரக் கிராமத்தில். தினக் கூலிக்காரர் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அன்றையக் கூலி போயிற்று. பாஷையும் ஒரு தடை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்கும் இவ்வெல்லைப் பூமியில், பிழைப்புத் தேடி வந்தோரின் ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் கடும் நோய் என்றால் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஓடுவோர் பலர். அங்கே நர்ஸ் கன்னடத்தில் சொல்லும் ஆறுதல், தமிழோ ஒடியாவோ மட்டும் அறிந்த குழந்தைக்கு எப்படி விளங்கும்?

ஆகவே பெற்றோர் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை குழந்தை உங்களை நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். வேலைக்குப் போக நேர்ந்தால், தூங்கும்போது நழுவாமல், அழுதாலும் சொல்லிவிட்டு, எப்போது திரும்புவீர்கள் என்பதையும் கூறிப் போங்கள். உங்கள் பழம் புடவை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர், வலி, பசி இவற்றுக்குக் குழந்தை வழங்கும் சொற்களை ஒரு சீட்டில் எழுதி நர்ஸ் அம்மாவிடம் கொடுங்கள். தடுப்பூசி போடும்போது தாய் அருகில் இருந்து சிசுவை அணைத்துக்கொள்வதும், பாலூட்டுவதும் வலியைக் குறைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2015-ல் கூறியிருக்கிறது. சற்றுப் பெரிய குழந்தையானால் பொம்மைக்குக் கட்டுப் போட்டு விளையாட விடுங்கள். வாயால் சொல்ல முடியாத பயம் விளையாட்டில் வெளிவரும்.

வீடு திரும்பிய பின் சில நாள் குழந்தை படுக்கையை நனைக்கலாம். முந்தானையை விடாமல் பற்றித் திரியலாம். பள்ளிக்கூடத்தில் பாடத்தில் மனம் செல்லாதிருக்கலாம். பெற்றோரும், நம் போன்ற உபாத்தியாயர்களும் அதற்காகக் கடிந்துகொள்ளாமல் பொறுத்திருக்க வேண்டும்.

ஆலை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் தாய்க்கோ தந்தைக்கோ கூலி குறையாத விடுப்புக் கொடுங்கள். கட்டிலருகே தாய் விரிக்கும் பாயும் சிகிச்சையில் சேர்ந்ததே.