கிளட்சும் பாஸ்கல் விதியும்

நம் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் கண்டெடுக்கப்பட்டதை நாம் அறிவோம். இரும்புக்குப் பகை துரு என்பதும் நமக்குத் தெரியும். உப்புக் காற்று வீசும் தூத்துக்குடியில் உப்பு மூட்டைகளையும் துறைமுகச் சரக்குகளையும் சுமக்கும் வண்டிகளை இப்பகை விடாது தொடர்கிறது. அது மறைந்திருந்து தாக்கும் இடங்களுள் ஒன்று கிளட்ச். அதனைப் பேணும் முறையைக் காண்போம்.

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டியோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவுவது கிளட்ச். பெடலை மிதித்தால் இணைப்பு பிரியும், விட்டால் சேரும். சில வண்டிகளில் இவ்வேலையைக் கம்பி செய்கிறது. வேறு பலவற்றில் திரவம் செய்கிறது. பெடலின் அருகே மாஸ்டர் சிலிண்டரும், கியர் பெட்டியின் அருகே ஸ்லேவ் சிலிண்டரும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் குழாயில் 'பிரேக் ஆயில்' நிறைந்திருக்கும்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று கண்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662). மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ., ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். முன்னதை 20 கிலோ எடையளவு விசையால் தள்ளினால் பின்னது 30 கிலோ எடையளவு விசையைத் தரும். ஆனால் முன்னது 30 மி.மீ. நகர்ந்தால் பின்னது 20 மி.மீ. மட்டுமே நகரும்.

திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயில் காற்று புகுந்தால், மிதிக்கும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். பெடல் மெத்தென்று அமுங்கும், கியர் கரகரக்கும். கிளட்ச் முழுதும் பிரியாததால், கியரில் நிற்கும் லாரி தானே முன்னே நகரக்கூடும். எதிரே மூட்டை சுமந்து செல்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்நீரால் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடிக்கும்; ரப்பர் வாஷர் தேய்ந்து கசியும். 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். ஆகவே தயாரிப்பாளர் கூறும் காலத்தில் ஆயிலை மாற்ற வேண்டும்.

காற்றை வெளியேற்றுவதைப் பட்டறையில் 'ஏர் எடுத்தல்' என்பர். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறப்பார், குமிழிகள் வெளிவரும். நிப்பிளை மூடிய பின்னரே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இவ்வாறே செய்து, மேல் தொட்டி வற்றாமல் ஆயில் ஊற்றி வர வேண்டும். வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றலாகாது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். பிரேக் ஆயில் நஞ்சு. கண்ணில் படாமல் காக்க வேண்டும்.

தொட்டியில் ஆயில் குறைந்தால் ஊற்றி மூடிவிடுவது மட்டும் பராமரிப்பு ஆகாது. எங்கே கசிகிறது என்று தேடிக் காண்பதே பராமரிப்பு. இஃது ஆடவர்க்கே உரிய தொழில் என்று எண்ண வேண்டா, தோழியரே! பாஸ்கல் விதி யார் மிதித்தாலும் ஒன்றுதான்.