கொண்டை ஊசி வளைவில் 6 கிலோமீற்றர் வித்தியாசம்

பழைய கார்களில்தான் ஓட்டுகிற உணர்வு இருக்கிறது என்று சொல்பவரை, இளமை ஞாபகத்தில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அதிவேகப் பாதையில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஊவாவின் மலை வீதிகளில் மட்டும் கணக்கு அவர் பக்கம் நிற்கிறது. ஒரு வளைவை எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: வளைவின் ஆரம், டயர் தரையைப் பிடிக்கும் பலம். பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் போகும் ஏ16 வீதியிலோ தோட்டப் பாதையிலோ ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரத்தை 12 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பிடிப்புக் குணகம் 0.7 உள்ள பழைய ஒடுக்க டயர் மணிக்கு 33 கிலோமீற்றர் வரை தாங்கும், குணகம் 1.0 உள்ள இன்றைய அகல டயர் 39 வரை தாங்கும். இத்தனை காலத்து டயர் ஆராய்ச்சிக்கு இங்கே கிடைக்கும் பலன் 6 கிலோமீற்றர். அதையே 100 மீற்றர் ஆரமுள்ள அகன்ற வளைவுக்குப் போட்டுப் பார்த்தால் 94, 113 என்று வரும், வித்தியாசம் 19. வீதி இறுக இறுகப் புதிய காரின் மேன்மை சுருங்குகிறது. அந்த மேன்மைக்காக அது விட்டுக்கொடுத்தது மட்டும் சுருங்குவதில்லை.

விட்டுக்கொடுத்ததில் முதன்மையானது ஸ்டியரிங். 1959இல் வந்த மினியின் எடை சுமார் 600 கிலோ. சக்கரம் பத்து அங்குலம். ஸ்டியரிங்குக்கு எந்த உதவிப் பொறியும் இல்லை. இந்தச் சிறு வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அதன் கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ ரலியை வென்றது பதிலாகும். திரும்பிய டயர் எப்போதும் நேராக வரப் பார்க்கும். அந்த இழுவை கைக்குத் தெரியும். டயர் தன் எல்லையை நெருங்கும்போது, வழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே அந்த இழுவை தளர்ந்துவிடும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். எச்சரிக்கை அதுதான். இன்றைய கார்களில் மின்மோட்டார் ஒன்று இடையில் நிற்கிறது; போர்ஷ 911கூட 2011இல் வந்த தலைமுறையோடு ஹைட்ரோலிக்கை விட்டு மின்சாரத்துக்கு மாறியது. குழியில் விழும் அதிர்ச்சியை வடிகட்டும் அந்த ஏற்பாடு, சின்னச் சின்னத் தகவலையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது. குழிகள் நிறைந்த வீதியில் அது கைக்கு ஆறுதல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அகலமும் இதே கதைதான். 1964இன் 911க்கு அகலம் 1.61 மீற்றர், எடை ஏறக்குறைய 1,080 கிலோ. இப்போதுள்ளது 1.85 மீற்றரும் 1,500 கிலோவும். மினியோ 1.41 மீற்றர். எதிரே பேருந்து வரும் வளைவில், தன் பாதிக்குள்ளேயே எந்தக் கோட்டில் நுழைந்து எங்கே வெளியேறுவது என்று யோசிக்கச் சிறிய காருக்கு இடமிருக்கிறது. பெரிய காரின் ஓட்டுநருக்கு ஓரக் கல்லைத் தவிர வேறு யோசனை வராது. தோட்டப் பாதைகளில் இது இன்னும் கூர்மை. கொழுந்து லொறிக்கும் துரையின் காருக்கும் போதுமென்று வெட்டப்பட்டவை அவை. வெட்டியவர்கள் நடந்துதான் போனார்கள்.

பாதுகாப்பை மறந்து பேசுகிறாய் என்பது முதல் எதிர்வாதம். உண்மைதான். அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய்க்கு இறங்கினால் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம் குறைகிறது. அந்த இறக்கம் முழுவதும் பிரேக்கில் காலை வைத்திருந்தால் மினியின் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பலவீனமாகும். இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டு அடக்குவதுதான் வழி. 1,500 கிலோ கார் அதே இறக்கத்தில் இரண்டரை மடங்கு வெப்பத்தைச் செரிக்க வேண்டும். ஆனால் அதற்கான டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் அதனிடம் உண்டு. மூடுபனியில், நனைந்த வீதியில், மோதல் நேர்ந்தால் எதில் இருக்க விரும்புவாய் என்று கேட்டால் தயங்காமல் புதியதில் என்பேன். உயரத்திலும் புதியதே தேவலை: அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு; பழைய கார்பரேட்டருக்கு அது தெரியாது, பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். உயிர் பிழைக்க வைப்பது வேறு, ஓட்டுவதை உணர வைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. உணர்வு வேண்டுமானால் பந்தயத் திடலுக்குப் போ என்பார் இன்னொருவர். தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் திடல் பக்கத்தில்தான் இருக்கிறது. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே தடம் விலகிய கார் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இங்கே பேசப்படும் உணர்வுக்குப் பந்தய வேகம் தேவையே இல்லை. 33 கிலோமீற்றரில் கிடைப்பதுதான் அதன் பெருமை.

வலுவான எதிர்வாதம் ஒன்று மீதியிருக்கிறது: புதியவை எல்லாம் மந்தமானவையா? இல்லை. மஸ்டா எம்எக்ஸ்-5 1989இல் 950 கிலோ அளவில் வந்தது. ஜப்பானில் விற்கப்படும் 1.5 லீற்றர் வகை இன்றும் ஆயிரம் கிலோவைச் சுற்றியே நிற்கிறது. 2012இன் டொயோட்டா 86க்கு, வேண்டுமென்றே, பிரியஸ் காருக்குக் கொடுத்த டயரையே போட்டார்கள். எல்லை சீக்கிரம் வரட்டும், ஓட்டுநர் அதைத் தொட்டுப் பார்க்கட்டும் என்பது நோக்கம். ஆகவே வயதைக் குறைசொல்லிப் பயனில்லை. எடையும் டயர் அகலமுமே குற்றவாளிகள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்திருக்கும் இலங்கையில், பெற்றோல் கார் ஒன்றின் தீர்வை முக்கியமாக எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தே ஏறுகிறது. எடையை யாரும் நிறுப்பதில்லை. அதனால் 1,998 சிசி எஞ்சினோடு 1,240 கிலோ அளவில் அடங்கும் 86 போன்ற ஒரு காருக்கு, அதைவிடக் கனமான 1,500 சிசி பெற்றோல் ஜீப்பைக் காட்டிலும் கூடுதல் தீர்வை விழுகிறது.