தலைமைத் தாதியின் கோபம்



பால் மரம் வெட்டும்போது கத்தி சற்று ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இது நாம் அறிந்ததே. காயத்தைக் கண்ட மண்டோர், எல்லார் முன்னிலையிலும் கண்டபடி ஏசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் காயம் குறைந்துவிடுமா? காயத்தை மறைப்பதுதான் கூடும்.

மருத்துவமனையிலும் இப்படித்தான். அங்கே காயப்படுவது மரமல்ல, மனித உயிர்.

நாம் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் தாதியருக்கு மேலே, வார்டை நடத்தும் தலைமைத் தாதி ஒருவர் இருப்பார். ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம், நோயாளிகளின் கூட்டம் மறு பக்கம். அவருக்குக் கோபம் வருவது இயல்பே. அந்தக் கோபத்தை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதே கேள்வி.

டாக்டர் எழுதிய மருந்தின் அளவு ஓர் இளம் தாதிக்குச் சரியாகப் புரியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் முதல் நாள் கேட்டபோது, "இதுகூடத் தெரியாதா?" என்று நோயாளிகளின் முன்னால் ஏச்சு வாங்கியவள் அவள். ஆகவே இன்று கேட்காமல், தானே ஊகித்துக் கொடுக்கிறாள். அளவு தவறினால் துன்பப்படுபவர் யார்? கட்டிலில் கிடக்கும் நம் தாயோ தந்தையோ அல்லவா?

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் நேர்ந்த மருந்துத் தவறுகளை ஆராய்ந்து, 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கிலோ அங்கேதான் அதிகம் தெரிந்தது! காரணம் என்ன? அங்கே தாதியர் அச்சமின்றித் தவறுகளைச் சொன்னார்கள். கடுமையான தலைமையின் கீழ் அவை வெளியே வரவில்லை. வெளியே வராத தவற்றைத் திருத்துவது எப்படி?

அப்படியானால் தலைமைத் தாதி கோபத்தை விழுங்கிவிட்டு வாளா இருக்க வேண்டுமா? கூடாது. அலட்சியத்தைக் கண்டும் காணாமல் விட்டால் அதுவும் நோயாளிக்கே கேடு. தவறு நடந்ததும் முதலில் நோயாளியைக் கவனித்து, டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சினம் தணிந்தபின் அந்தத் தாதியைத் தனியே அழைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வெளிவரும்: மருந்துப் புட்டிகள் ஒன்றுபோல் இருந்திருக்கலாம், ஓய்வின்றி வேலை பார்த்திருக்கலாம். காரணம் தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம். தெரிந்தே கடமை தவறியிருந்தால், முறைப்படி நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு ஏச்சும் பேச்சும் தேவையில்லை.

வெகுளாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தனக்குக் கீழே உள்ளவர்மீது காட்டும் சினம் எவ்வளவு தீங்கானது என்பதை வார்டில் கண்கூடாகக் காணலாம்.

நமக்கும் இதில் பங்குண்டு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது தாதியரிடம் சத்தம் போடாதிருப்போம். சந்தேகம் இருந்தால், "இது என்ன மருந்தம்மா?" என்று அமைதியாகக் கேட்போம். வீட்டிலும் அப்படியே. பானையை உடைத்த பிள்ளை ஓடி வந்து நம்மிடமே சொல்லும்படி நடந்துகொள்வோம். அந்தப் பிள்ளை நாளை தாதியானால், தன் தவற்றை மறைக்காது.