மாதிரி டாங்கிக்கு மூப்பேற்றும் கலை

சென்ற நவராத்திரியில் நம் இல்லக் கொலுவின் கடைசிப் படியருகே, மணல் பரப்பி அமைத்த சிறு பூங்காவுக்குப் பக்கத்தில், நாம் செய்த மாதிரி டாங்கி ஒன்றையும் வைத்திருந்தோம். சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் அதைச் சுற்றியே நின்றன. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “புதுச் சாமானை ஏன் இப்படி அழுக்காக்கி வைத்திருக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டே முந்தானையை நனைத்து ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டார். மூன்று மாலைப்பொழுதுகள் குந்தியிருந்து படியவைத்த புழுதி ஒரே இழுப்பில் போயிற்று. அத்தையைக் குறை சொல்வதற்கில்லை. கொலுப் பொம்மை என்றால் பளபளப்பாக இருக்கவேண்டும் என்பதே நம்மவர் கொள்கை. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் உள்ள சென்னப்பட்டணத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்களே, அந்தப் பொம்மைகளின் அழகு முழுவதும் மெருகில் அல்லவா இருக்கிறது? அங்கே ஒரு கீறல் விழுந்தால் அது குற்றம். நாம் இங்கு பேசப்போகும் கலையிலோ கீறலே வேலைப்பாடு.

இதற்கு மேனாட்டார் வழங்கும் பெயர் ‘வெதரிங்’ என்பது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் நெடுநாள் தொல்லை கொடுத்தது. பூகோள பாடப் புத்தகங்கள் பாறையைப் பற்றிச் சொல்லும்போது ‘சிதைவு’ என்கின்றன. ஆனால் இங்கே எதுவும் சிதைவதில்லை. வெயில், மழை, புழுதி, எண்ணெய், வீரர்களின் பூட்ஸ் கால்கள் ஆகிய இவையெல்லாம் ஒரு வாகனத்தின் மீது விட்டுச் சென்ற அடையாளங்களைத் தூரிகையால் மீண்டும் வருவிப்பதே இதன் வேலை. ஆதலின் ‘மூப்பேற்றல்’ என்று வைத்துக்கொண்டோம். இதனினும் நல்ல சொல் அகப்பட்டால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாதிரி டாங்கிகளில் பெரும்பாலானவை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. இந்த விசித்திரமான எண் எப்படி வந்தது என்றால், ஜப்பானில் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1961-இல் ஒரு ‘பாந்தர்’ டாங்கி மாதிரியை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரிகளும் அடங்கவேண்டும் என்பதற்காக ஒரு பருமனைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அதுவே உலக வழக்காகிவிட்டது. பாட்டரி போய்விட்டது, அளவு நின்றுவிட்டது.

இந்த அளவை மனத்தில் இருத்தினால் மூப்பேற்றும் கலையில் பாதி பிடிபட்டதாகும். நம் இராணுவத்தில் பணிபுரிந்த செஞ்சூரியன் டாங்கியின் உடல், குழாயை நீக்கிப் பார்த்தால், ஏறக்குறைய 7.6 மீட்டர் நீளம். மாதிரியில் அது 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் நாம் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் உதிர்ந்ததாகக் காட்டினால், உண்மை டாங்கியில் அது மூன்றரைச் சென்டிமீட்டர் காயம் ஆகிவிடும். அத்தகைய காயங்கள் உடல் முழுதும் இருந்தால், அது போரிட்ட டாங்கியாகத் தோன்றாது. பழைய இரும்புக்கடையில் கிடப்பதாகத் தோன்றும். சமையலறை உப்பில் ஒரு பரலை எடுத்து அதன்மேல் வைத்தால் அது கூழாங்கல். ஆகவே கூரிய முனைத் தூரிகையும், அதனினும் கூரிய நிதானமும் வேண்டும்.

அடுத்த கேள்வி மிக முக்கியமானது: இந்த டாங்கி எங்கே போயிற்று? இதைக் கேளாமல் சேறு பூசுவோரே பலர். நம் நாட்டு வரலாற்றிலிருந்தே மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். 1965 செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரனுக்கு அருகே அஸல் உத்தர் என்னும் ஊரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சிக்கின. கால்வாய் நீரைத் திறந்துவிட்டதால் கரும்பு வயல்கள் சதுப்பாகிவிட்டிருந்தன. அங்கே சிக்கிய பாட்டனுக்குச் சக்கரம்வரை ஈரச் சேறு வேண்டும்; சங்கிலித் தடங்களின் இடுக்கில் கரும்புத் தோகை சிக்கியிருக்கலாம். 1971 டிசம்பரில் ராஜஸ்தானத்து லோங்கேவாலாவில் நின்றுபோன டாங்கிகளோ தார் பாலைவனத்து மணலில் ஓடியவை. மணல் சாணைக்கல் போன்றது; சங்கிலித் தடத்தைத் தேய்த்து வெள்ளி போல் மினுக்கிவிடும். அங்கே சேற்றுக்கு இடமில்லை. வெளிறிய மஞ்சள் புழுதியே எங்கும். அதே டிசம்பரில் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த நம் பூனா குதிரைப்படையின் செஞ்சூரியன்களுக்கு இவ்விரண்டும் பொருந்தா. ஆற்றங்கரை வண்டல், பனிக்கால ஈரம், மேலே காய்ந்த சாம்பல் நிறத் தூசு என்று மூன்றும் கலந்த தோற்றமே அங்கு ஏற்கும். பெங்களூரில் இருக்கும் நாம் வாசலில் கிடக்கும் செம்மண்ணை அள்ளி எல்லா டாங்கிக்கும் பூசிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சிவப்பு பஞ்சாபில் இல்லை.

நினைவுச் சின்னமாக ஊர்ச் சதுக்கங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் டாங்கிகளைப் பார்த்து வண்ணம் தீட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அவை ஆண்டுதோறும் புதுவண்ணம் காண்பவை. சில இடங்களில் சக்கரத்துக்குக்கூட வெள்ளையடித்துவிடுகிறார்கள். அவற்றிலிருந்து வடிவத்தைக் கற்கலாம், நிறத்தைக் கற்கலாகாது. போர்க்காலத்துப் புகைப்படங்களே நம் பாடப் புத்தகம்.

இனி வேலைமுறை. அடிவண்ணத்தைப் புட்டியில் உள்ளபடியே பூசாமல், சிறிது வெளிர்மஞ்சளோ வெள்ளையோ கலந்து பூசவேண்டும். சிறிய பொருளின் மேல் அடர்ந்த வண்ணம் உண்மையைக் காட்டிலும் கறுத்துத் தெரியும். அடிவண்ணம் அக்ரிலிக்காக இருப்பது நலம். அது நன்கு காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. மூப்பேற்றப் போகும் பொருளுக்கு மெருகு எதற்கு என்று தோன்றும். அடுத்து வரும் ‘கழுவல்’ வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கே அது. கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் தேநீர் வடிகட்டிய நீர்போல் மெலிதாகக் கரைத்து, தூரிகை நுனியால் ஆணிகளின் அடியிலும் தகடுகளின் மூட்டுகளிலும் தொட்டுவிட்டால், அது தானே இடுக்குகளில் பரவி நிழல் கட்டும். மிகுந்ததைச் சுத்தமான டர்பன்டைனில் நனைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால், மழைநீர் வழிந்த கோடுகள் கிடைக்கும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. மழை அவ்வாறு வழிவதில்லை.

இங்கே நாம் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் எனாமல் வண்ணத்தை அடிப்பூச்சாக இட்டு, அதன்மேல் கடைக்காரர் கொடுத்த கடுமையான தின்னரைக் கலந்த கழுவலை ஊற்றினோம். அடிவண்ணம் கரைந்து புண்போல் கொப்பளித்தது. அதன் கீழிருந்த பிளாஸ்டிக்கும் நரம்பு நரம்பாக வெடித்தது. இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் குப்பைக்குப் போயின. மேல்பூச்சைக் கரைக்கும் திரவம் அடிப்பூச்சைக் கரைக்கக் கூடாது என்னும் விதியை அன்று முதல் மறந்ததில்லை.

வண்ணம் உதிர்ந்த இடங்களைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கரும்பழுப்பில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி ஏறக்குறைய உலரவிட்டு, விளிம்புகளில் மெல்லத் தட்டுவது ஒன்று. மற்றொன்று சுவையானது. துருநிறத்தை முதலில் பூசி, அதன்மேல் பெண்டிர் தலைமுடி கலையாதிருக்கத் தெளித்துக்கொள்ளும் ஸ்பிரேயைத் தெளித்து, காய்ந்தபின் மேல்வண்ணத்தை அக்ரிலிக்கில் பூசவேண்டும். அரைமணி கழித்து நீர் தொட்ட தூரிகையால் தேய்த்தால், நடுவே உள்ள ஸ்பிரே கரைந்து மேல்வண்ணம் செதில் செதிலாகப் பெயரும். எங்கே பெயர்ப்பது என்பதுதான் கேள்வி. வீரர் ஏறி இறங்கும் படி, மூடியின் விளிம்பு, கருவிப் பெட்டியின் மூலை ஆகிய இடங்களே உரியவை. கை எட்டாத, கால் படாத இடத்தில் வண்ணம் ஏன் உதிரவேண்டும்?

துருவைப் பற்றியும் அளவு வேண்டும். ஓட்டத்தில் உள்ள டாங்கி துருவால் மூடப்படுவதில்லை. புகைபோக்கி காய்ந்து குளிர்ந்து வண்ணம் கருகிப் போவதால் அங்கே செம்பழுப்பு உண்டு. சங்கிலித் தடத்தின் குழிவுகளில் உண்டு. தரையைத் தொடும் முகமும் சக்கரத்தை இழுக்கும் பற்களும் தேய்ந்து மினுங்கும். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தாலே போதும். ரப்பருக்குத் துரு இல்லை. அமெரிக்கர் செய்த எம்-113 என்னும் கவச வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது; அதற்குத் துரு பூசிப் பரிசுக்கு வைத்தவர்களையும் கண்டிருக்கிறோம்.

புழுதிக்கு விலையுயர்ந்த பொடிகள் புட்டிகளில் கிடைக்கின்றன. சித்திரக்காரர் பயன்படுத்தும் சாக் பாஸ்டலை மணற்காகிதத்தில் உரைத்தாலும் அதே பொடி கிடைக்கும். அதனுடன் சிறிது பாரிஸ் சாந்து சேர்த்தால் சேறு. கீழ்ப்பகுதியில் முதலில் வெளிறிய காய்ந்த சேறு, அதன்மேல் ஆங்காங்கே கருத்த ஈரச் சேறு என்பதே முறை; பழைய சேறு காய்ந்த பிறகுதான் புதுச் சேறு தெறிக்கிறது. பொடியைத் தூவிய பின் டர்பன்டைனைத் துளித்துளியாக விட்டு ஊறச் செய்தால் காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாததால்தான் அத்தையின் முந்தானைக்கு அது இரையாயிற்று.

எவ்வளவு மூப்பு என்பதில் உலகில் இரு கட்சிகள் உள்ளன. சிக்காகோவில் வாழ்ந்த ஷெப்பர்ட் பெயின் 1970களில் மானோகிராம் நிறுவனத்தின் பெட்டிகளோடு வந்த துண்டுப் பிரசுரங்களின் வாயிலாக இக்கலையைப் பரப்பினார். அவர் வழி, கண்டதைக் காட்டும் அடக்கமான வழி. பின்னர் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர்கள், மேற்பகுதியை வெளிறச் செய்து கீழ்ப்பகுதியைக் கருக்கி, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே ஒளிரச் செய்யும் நாடகப் பாணியை வகுத்தனர். பின்னது கண்ணைப் பறிக்கிறது. போட்டிகளில் பரிசும் பெறுகிறது. நாமும் அதில் மயங்கியவர்களே. ஒரு முதியவரைச் சந்தித்த பிறகு மனம் மாறினோம்.

அல்சூர் ஏரிக்கரையில் 1780-இல் வேரூன்றிய மதராஸ் சாப்பர் படையின் தலைமையகம் இருப்பதைப் பெங்களூர்த் தமிழர் அனைவரும் அறிவர். அப்படை வீரரைத் ‘தம்பி’ என்றே இராணுவத்தில் அன்போடு அழைப்பர். 1971 டிசம்பர் 15 இரவு, பசந்தர் ஆற்றுக்கு அப்பால் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்கள் அப்படையின் 9-ஆம் பொறியியல் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். பாதை முழுவதும் துப்புரவாகுமுன்பே செஞ்சூரியன்கள் அதன்வழியே பாய்ந்தன. மறுநாள் நடந்த டாங்கிப் போரில் இருபத்தொரு வயது அருண் கேத்ரபால் உயிர் நீத்துப் பரமவீர சக்கரம் பெற்றார்.

அந்தச் செஞ்சூரியனைத்தான் நாம் ஸ்பானிய முறையில் செய்து வைத்திருந்தோம். சாப்பர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்று நம் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ஒருநாள் அதை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, இந்தப் பெரிஸ்கோப்புக் கண்ணாடியெல்லாம் சேறாய் இருக்கிறதே, உள்ளே இருப்பவன் எதைப் பார்த்து ஓட்டுவான்?” என்றார். “ஐயா, அது அழகுக்காக” என்றோம். அவர் சிரிக்கவில்லை. “வண்டி நின்றால் முதல் வேலை கண்ணாடி துடைப்பது. அடுத்தது குழாய் துடைப்பது. துடைக்காதவன் வீடு திரும்ப முடியாது” என்றார். பிறகு, சங்கிலித் தடத்தின் கீழ் நாம் ஒட்டியிருந்த நிலத்தை விரலால் தொட்டு, பாதையின் எல்லையைக் காட்டும் வெள்ளை நாடா எங்கே என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. அந்த நாடாவுக்கு அப்புறம் காலை வைத்தவர்களில் தமக்குத் தெரிந்தவர்கள் உண்டு என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அன்றிரவே கண்ணாடிகளைத் துடைத்தோம். கோபுரத்தின் மீதிருந்த காயங்களில் பெரும்பாலானவற்றை மீண்டும் பச்சையால் மூடினோம். குழாய் முனையைச் சுத்தமாக்கி, மூடிகளைச் சுற்றிப் பூட்ஸ் கால்கள் துடைத்துச் சென்றதுபோல் புழுதியை விலக்கினோம். ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் காகிதத்தைக் கீறி இருபுறமும் நாடாவாக ஒட்டினோம். இப்போது அந்த டாங்கி முன்போல் கண்ணைப் பறிப்பதில்லை. பெரியவர் அதன் பிறகு ஒருமுறை வந்தார், நாடாவை மட்டும் பார்த்தார், காபி கேட்டார்.

எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷைத் தெளிக்கவேண்டும். இதற்குப் பெங்களூரில் நாள் பார்க்கவேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை ஈரத்தில் தெளித்தால் வார்னிஷ் வெண்பனிபோல் பூத்துவிடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் நண்பகலே உத்தமம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ள அன்பர்கள் தத்தம் ஊர் ஈரத்தைக் கணக்கிட்டுக்கொள்க. பின்பு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது நலம். வீட்டுத் தூசியில் பறக்கும் ஒரு பஞ்சு இழை முப்பத்தைந்து மடங்கு பெருகினால் தாம்புக் கயிறாகும். அத்தகைய கயிறு எந்த டாங்கியின் மேலும் கிடந்ததில்லை.