பழைய கதையும் பெரிய திரையும்

"ஒருமுறை எடுத்த படத்தை மீண்டும் எடுப்பானேன்?" என்று எங்களுள் சிலர் கேட்பதுண்டு. 'பென்ஹர்' படத்தையே பார்ப்போம். 1925-இல் ஊமைப்படமாக வந்த இக்கதையை 1959-இல் வில்லியம் வைலர் மீண்டும் இயக்கினார். 11 ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. உயரத்தைப் போல் ஏறத்தாழ 2.76 மடங்கு அகலமுள்ள திரைக்காக எடுத்ததால், நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் பல அருகருகே பாய்வதைக் கண்ணாரக் காணலாம். தொலைக்காட்சியிலோ மேலும் கீழும் கறுப்புப் பட்டை; நடுவே சிறு கீற்றாகப் பந்தயம்!

அத்தனை பெரிய திரையிலும் இயேசுவின் திருமுகம் காட்டப்படவில்லை. அவரை ஏறிட்டுப் பார்த்துத் தடுமாறும் உரோமை வீரனின் முகமே தெரிகிறது. 2016-இல் வந்த படம் அம்முகத்தைக் காட்டியது, வரவேற்போ குறைவு. மீண்டும் எடுப்பது தவறன்று. எதைப் பெரிதாய்க் காட்டுவது, எதை மறைப்பது என்று அறிந்து எடுக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு.