கணவர் எல்லையில், மனைவி கோலியனூரில்: வீட்டு வேலைகள் எங்கே சிக்கிக்கொள்கின்றன?

ராணுவ வீரருக்கு லடாக்கிலோ அருணாச்சலப் பிரதேசத்திலோ ஃபீல்டு போஸ்டிங் விழுந்தால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஐ.நா. அமைதிப்படைக்காக லெபனான், தெற்கு சூடான் என்று கிளம்பினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். அப்போது மனைவி ராணுவக் குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும், இல்லையென்றால் சொந்த ஊருக்கு வர வேண்டும். விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் கோலியனூர் மாதிரி ஊருக்குத் திரும்பினால் வீடு, நிலம், மாமனார் மாமியார் வைத்தியம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே ஆள் தலையில்.

பிரிவின் கஷ்டம் ஒரு பக்கம். அதைவிட அன்றாடம் இடிப்பது வேறொன்று: வேலையெல்லாம் மனைவி பார்க்கிறார், ஆவணமெல்லாம் கணவர் பெயரில் இருக்கிறது.

ஓடிபி யாருக்குப் போகிறது?

வங்கிக் கணக்கு, பட்டா, மின் இணைப்பு, கேஸ் என எல்லாவற்றிலும் அவர் பெயர், அவர் செல்போன் நம்பர். சிக்னலே இல்லாத மலை முகாமில் இருப்பவருக்கு ஓடிபி போனால் இங்கே வேலை நின்றுவிடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது அட்டையோடு முடிந்தது. பயிர் சேதம் அப்படியல்ல. நில ஆவணமும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். நிலத்துக்காரர் எல்லையில் இருந்தால் வரப்பில் நின்று அதிகாரிக்குப் பதில் சொல்வது மனைவிதான்.

லீவில் முடிக்க வேண்டியவை என்ன?

வீரர்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். 'அவரு லீவுல வந்ததும் பாத்துக்கலாம்' என்று தள்ளிய வேலையெல்லாம் கல்யாணம், கோயில் திருவிழாவுக்கு நடுவில் காணாமல் போய்விடும். முதல் வாரத்திலேயே இரண்டை முடிப்பது நல்லது. ஒன்று, கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு. இன்னொன்று, மனைவி பெயரில் பவர் பத்திரம். நிலத்தை அளக்க மனு கொடுக்க, வரி கட்ட, கோர்ட்டில் ஆஜராக என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் எழுதினால் போதும்; விற்கும் அதிகாரம் அதில் சேர வேண்டியதில்லை. அவர் ஊரில் இருக்கும்போதே சார் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் முடிப்பதுதான் சுலபம்.

கல்யாணமும் குழந்தை பிறப்பும் ராணுவத்தின் 'பார்ட் டூ ஆர்டர்' எனும் பதிவில் ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் பெயர் இல்லாவிட்டால் ராணுவத்தின் கணக்கில் மனைவி, பிள்ளைகளே இல்லை. அட்டை முதல் பென்ஷன் வரை அதை வைத்துத்தான்.

அவர் இல்லாத நேரத்தில் வழக்குப் போட்டால்?

பலர் கேள்விப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1925-ம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம். போர்ச்சூழலிலோ வெளிநாட்டிலோ, அரசு அறிவித்த பகுதிகளிலோ பணியில் இருக்கும் வீரர் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால், வழக்கைத் தள்ளிவைக்க இது வழிசெய்கிறது. அவர் வர இயலாத நிலையை மாவட்ட ஆட்சியரே கோர்ட்டுக்குச் சான்றளித்துத் தெரிவிக்கலாம். அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தாலும், அதை ரத்து செய்யக் கேட்க முடியும். வருவாய் நீதிமன்றங்களுக்கும் இது பொருந்தும். எல்லா வழக்குக்கும் அல்ல. சில விதிவிலக்குகள் உண்டு.

அதற்காக வீட்டுக்கு வந்த நோட்டீஸை அலமாரியில் வைத்துவிடக் கூடாது. வீரர் பணியில் இருக்கிறார் என்பது கோர்ட்டுக்குத் தெரிந்தால்தானே பாதுகாப்பு! நோட்டீஸைப் படம் எடுத்துக் கணவரின் யூனிட்டுக்கு உடனே அனுப்புவது முதல் வேலை.

உடம்புக்கு முடியாவிட்டால்?

பணியில் உள்ள வீரரின் மனைவி, பிள்ளைகளுக்கு ராணுவ மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு. ஆனால் கோலியனூரில் இருந்து அது சென்னை பயணம். நடுராத்திரி பிரசவ வலிக்கு 108-ம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும்தான் கைகொடுக்கும். இ.சி.எச்.எஸ். அட்டை கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். அது ஓய்வுபெற்றவர்களுக்கான திட்டம்.

யாரிடம் போவது?

விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' இருப்பதால் நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பணியில் இருப்பவர் குடும்பமும் போகலாம். ஆட்சியர் நடத்தும் படைவீரர் குடும்பங்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, உதவி எண் 15100. வீரர் குடும்பங்களுக்கென்றே 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' திட்டத்தை தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26-ல் ஸ்ரீநகரில் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைப்பது இதன் முக்கிய அம்சம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது கணவரின் ராணுவ எண், ரேங்க், யூனிட் முகவரி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி, சார்ந்தோர் அட்டையின் நகலோடு பீரோவில் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால், போன் கெட்டுப்போன அன்றைக்குத்தான் அது தேவைப்படும்.